மருதமரமும் மதிப்பெண்ணும்

இரண்டு கோடுகள். மேலே ஓர் உருண்டை. கோடுகளுக்குப் பழுப்பு, உருண்டைக்குப் பச்சை. முடிந்தது மரம்!

முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்த மரத்தைத்தான் நட்டு வந்தேன், அன்பர்களே! மண்ணில் அல்ல, கரும்பலகையில். நீர் கேட்காத மரம் அது. நிழல் தராத மரம். காக்கைகூட ஏமாந்து வந்து அமராத மரம். அதன் பின்னே இரண்டு மலை, மலைகளுக்கு நடுவே பாதிக் கதிரவன், ஓரத்தில் வளைந்த தென்னை ஒன்று. இதற்குப் பெயர் இயற்கைக் காட்சி. ஆண்டுக்கு நானூறு பிள்ளைகள் இதை வரைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், மதிப்பெண் வாங்கினார்கள், போனார்கள். அவர்களிலே மரத்தைப் பார்த்தவர் எத்தனை பேர்? அதை நான் கேட்டதில்லை. கேட்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியதுமில்லை.

ஓவிய ஆசிரியன் நான். 1974ஆம் ஆண்டு பணியேற்றேன். 2006இல் ஓய்வு பெற்றேன். பணியாற்றிய பள்ளி முசிறிப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம், குற்றம் என்னுடையது, கட்டடத்தினுடையது அன்று. வகுப்பின் சன்னல் வழியே பார்த்தால் வாழைத் தோட்டம். அதற்கப்பால் கோரை வயல். அதற்கும் அப்பால் அகண்ட காவிரி, கரை தெரியாத கடல்போல் மணல் விரித்துக் கிடக்கும். எதிர்க்கரையில் குளித்தலை, அதன் பின்புறத்தே ஐயர்மலை. இவ்வளவும் சன்னலுக்கு வெளியே இருக்க, நான் சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையில் மலை வரைந்துகொண்டிருந்தேன்!

கரையோரத்தில் ஒரு மருதமரம் நின்றது. பெரிய மரம். நால்வர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். வேரின் பாதி மண்ணுக்குள், பாதி நீரின் பக்கம். அந்த மரத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

1986. எட்டாம் வகுப்பு. விறகு பிளப்பவர் ஒருவரின் மகன் அந்த வகுப்பில் இருந்தான். கடைசி வரிசை. வண்ணப்பெட்டி வாங்கக் காசில்லாத பிள்ளை. அரைப் பென்சில் ஒன்றுதான் அவனுடைய கருவூலம். ‘இயற்கைக் காட்சி வரைந்து வாருங்கள்’ என்று வழக்கம்போல் சொல்லி அனுப்பினேன். மறுநாள் நாற்பது ஏடுகளில் நாற்பது உருண்டை மரங்கள். ஒரே ஓர் ஏட்டில் மட்டும் வேறொன்று இருந்தது. உருண்டை இல்லை. கோணல்மாணலாக ஒரு தண்டு, ஆற்றுப்பக்கம் சாய்ந்தது. ஒரு கிளை வெட்டுண்ட தழும்பு. தாங்குசுவர்கள்போல் புடைத்த வேர்கள். மரத்தின்மேல், இலையின்மேல், நீரின்மேல் எங்கு பார்த்தாலும் எழுத்து! ‘இங்கே சாம்பல்’, ‘இங்கே பழைய இலை, மங்கல்’, ‘இங்கே நிழல், கறுப்பு இல்லை, கருநீலம்’, ‘இங்கே பட்டை உரிந்தது, இளஞ்சிவப்பு.’

“என்னடா இது? படமா, கடிதமா?” என்றேன். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் நகைச்சுவை சொன்னால் சிரித்துவிட வேண்டும் என்பது பிள்ளைகள் எழுதாமல் கற்கும் முதல் பாடம்.

“வண்ணம் இல்லைங்க ஐயா. அதனால் பெயரை எழுதினேன்” என்றான்.

“மரத்தண்டு என்ன நிறம்?”

“அந்த மரம் இளஞ்சிவப்புங்க ஐயா. பட்டை உரிந்த இடத்தில்...”

“தண்டு பழுப்பு. இலை பச்சை. இளஞ்சிவப்பு மரம் எந்த ஊரில் இருக்கிறது?”

அவன் கை சன்னலை நோக்கி எழுந்தது. முழுவதும் எழவில்லை, பாதியில் தாழ்ந்துவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்பு மையால் பெரிய சுழியம் ஒன்றைப் போட்டேன். அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் அவன் உருண்டை மரமே வரைந்தான். நல்ல மதிப்பெண் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. தந்தையின் கோடரிக்குத் துணையாகப் போய்விட்டான் என்றார்கள். என்னுடைய சுழியத்தால் போனான் என்று சொல்லமாட்டேன். வறுமை பெரிய சுழியம். ஆனால் பள்ளியை விட்டுப் போகுமுன் அவன் கைக்கு ஒரு சிறு மகிழ்ச்சி இருந்திருக்கலாம். அதை நான் பறித்தேன்.

இதையெல்லாம் நான் மறந்தே போனேன். மறக்கும் உரிமை எப்போதும் அடித்தவருக்குத்தானே!

சில திங்களுக்கு முன்னர் வெளிநாட்டிலிருக்கும் என் மகள் ஒரு நீண்ட குழலை அனுப்பினாள். உள்ளே சுருட்டிய அச்சுப்படிகள் மூன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட நீர்வண்ண மர ஓவியங்கள். ‘அப்பா, நீ ஓவிய ஆசிரியர்தானே, திண்ணையில் மாட்டிக்கொள்’ என்று ஒரு சீட்டு. நாட்காட்டிப் படமாக இருக்கும் என்றுதான் விரித்தேன். இல்லை. தடித்த பருத்தித்தாள், காலத்தால் மஞ்சளாகாதபடி புளிப்புத்தன்மை நீக்கியது. மூல ஓவியத்தை நுணுக்கமாகப் படமெடுத்து, நிறமி மையைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகத் தெளித்து அச்சிடுகிறார்கள். தூரிகை நீர் தேங்கிய விளிம்பு தெரிகிறது. தாளின் சொரசொரப்பு தெரிகிறது. பென்சில் தடம் தெரிகிறது.

நீர்வண்ணம் ஒரு பொல்லாத கலை. எண்ணெய் வண்ணமானால் பிழையை மூடி மேலே பூசிவிடலாம். நீர்வண்ணத்தில் அது நடவாது. வெளிச்சம் வேண்டுமா? தாளின் வெண்மையை விட்டுவைக்க வேண்டும். வெள்ளையைப் பின்னால் கொண்டுவந்து வைத்தால் அது ஒட்டுப்போட்ட வேட்டிபோல் காட்டிக் கொடுத்துவிடும். ஆக, முதலில் பார்க்க வேண்டும், பிறகுதான் தீட்ட வேண்டும். மற்றொன்றும் உண்டு. நீர்வண்ணம் ஒளியில் வெளுத்துப்போகும். ஆகையால் மூல ஓவியங்களை இருட்டறையில் பூட்டிவைத்து, எப்போதாவது வெளியே காட்டுகிறார்கள். இலண்டனிலே பிறந்தவனும் நினைத்த நாளில் பார்க்க முடியாது. அச்சுப்படி அந்தப் பூட்டைத் திறக்கிறது. ஆளுநர்களும் பிரபுக்களும் வரவழைத்துத் தீட்டச்செய்த தாள்கள் முசிறித் திண்ணைக்கு வந்துவிட்டன என்றால், இந்த எந்திரத்துக்கு நான் ஒரு வணக்கம் சொல்வேன்.

முதற்படி சாமுவேல் பால்மர் என்பாருடையது. 1828இல், அவருடைய இருபத்து மூன்றாம் வயதில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள லல்லிங்ஸ்டோன் பூங்காவில் தீட்டியது. மூலம் இன்று நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. ஓக் மரம் ஒன்று, பீச் மரம் ஒன்று. அவ்வளவே. மலை இல்லை, கதிரவன் இல்லை, பறக்கும் ‘வி’ எழுத்துப் பறவைகளும் இல்லை. ஓக்கின் அடிமரம் கிழவனின் முழங்கால்போல் முண்டும் முடிச்சுமாகத் திரண்டு நிற்கிறது. பாசி படர்ந்த இடம் மஞ்சள். வெயில் பட்ட இடம் வேறொரு மஞ்சள். பழுப்பைத் தேடினேன். எங்கோ மூலையில் கொஞ்சம் இருந்தது. ‘தண்டு பழுப்பு’ என்று முப்பத்திரண்டு ஆண்டு முழங்கினேனே, அந்த முழக்கம் அங்கேயே தள்ளாடத் தொடங்கிவிட்டது.

இரண்டாம் படியை விரித்தேன். விரித்த கை அப்படியே நின்றது.

தாள் முழுவதும் மரங்கள். மரங்களின்மேல், இலைகளின்மேல், தரையின்மேல் எங்கு பார்த்தாலும் எழுத்து! நிறங்களின் பெயர்கள். ஓரத்தில் நாளும் பொழுதும். அடியில் பெயர்: எட்வர்டு லியர்.

யார் இந்த லியர்? 1812இல் பிறந்த ஆங்கிலேயர். கிளிகளைக் கல்லச்சில் வரைந்து இளமையிலேயே பெயர் பெற்றவர். குழந்தைகளுக்கான வேடிக்கைப் பாடல் நூலொன்றை 1846இல் வெளியிட்டார். உலகம் இன்று அதற்காகவே அவரை நினைக்கிறது. அதே 1846இல் விக்டோரியா அரசிக்கு ஓவியம் கற்பிக்கும் வேலையும் பார்த்தார். ஆம், அன்பர்களே, அவரும் ஓர் ஓவிய வாத்தியார்! இந்தியாவின் அரசப் பிரதிநிதியாக இருந்த நார்த்புரூக் பிரபுவின் அழைப்பின்பேரில், 1873 நவம்பரில் பம்பாயில் வந்து இறங்கினார். வயது அறுபதைக் கடந்துவிட்டது. உடல் நலமும் சரியில்லை. ஜார்ஜியோ என்ற பணியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 1875 தொடக்கம் வரை நாடு முழுவதும் சுற்றினார். 1874இல் தெற்கே வந்தார். சென்னை, காஞ்சிபுரம், மாமல்லபுரம், தஞ்சை, நம் திருச்சிராப்பள்ளி, நீலமலை, மலையாளக் கரை எல்லாம் பார்த்தார், வரைந்தார்.

வண்ணம் தீட்ட நேரம் வேண்டும். வண்டியோ வெயிலோ காத்திருக்காது. ஆகவே இடத்திலேயே பென்சிலால் வேகமாக வரைவார். எங்கெங்கே என்ன நிறம் என்று அங்கங்கே எழுதிவைப்பார். நேரத்தையும் குறிப்பார். பின்னர் ஓய்வாக உட்கார்ந்து, அந்தக் கோடுகளின்மேல் மையால் எழுதி, குறித்துவைத்த நிறங்களை நீர்வண்ணத்தில் ஏற்றுவார். அப்படிப் பிறந்த தாள்கள் கட்டுக் கட்டாக அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் காக்கப்படுகின்றன. எழுத்தை அவர் அழிக்கவில்லை. எழுத்தோடுதான் சட்டம் போடுகிறார்கள், எழுத்தோடுதான் அச்சிடுகிறார்கள், எழுத்தோடுதான் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

1986இல் ஓர் அரைப் பென்சிலோடு கடைசி வரிசையில் இருந்த பிள்ளை, லியர் என்ற பெயரைக் காதால் கேட்டவனல்லன். காவிரிக்கரையில் உட்கார்ந்து, வண்ணமில்லாத கையோடு, அதே வழியைத் தானே கண்டுபிடித்தான். அரசிக்குக் கற்பித்தவர் செய்தால் அருங்காட்சியகம். விறகுவெட்டியின் மகன் செய்தால் சுழியம்! இந்தச் சுழியத்தைப் போட்ட கை எவருடைய கை? வெள்ளையன் கையா? இல்லை. இதோ இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கை.

மூன்றாம் படியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிர்ச் மரங்கள், மூடுபனி, அழகாக இருக்கிறது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எனக்கு நானே ஒரு சாக்குத் தேடினேன். மரத்தை நேரே பார்த்து வரைவது மேனாட்டார் வழக்கம், நமக்குப் பழக்கமில்லை, ஆகவே எனக்கும் தெரியவில்லை என்று. நல்ல சாக்கு. ஆனால் நிற்கவில்லை. என் புத்தக அலமாரியிலேயே அதை வீழ்த்தும் சான்று இருந்தது.

ராபர்ட் வைட் என்ற ஸ்காத்லாந்து மருத்துவர் 1819இல் இங்கு வந்தார்; 1853 வரை சென்னை மாகாணத்தில் செடிகொடிகளை ஆராய்ந்தார். இந்தியத் தாவரங்களை விளக்கும் ஆறு தொகுதிகளை 1838 முதல் 1853 வரை வெளியிட்டார். மொத்தம் 2,101 படங்கள். அட்டையில் இருக்கும் பெயர் வைட். படங்களை வரைந்தவர்கள் யார்? முதலில் ரங்கையா, பின்னர் கோவிந்து. நம் நாட்டு ஓவியர்கள். இலையின் நரம்பு, பூவின் உள்ளறுப்பு, விதையின் உருப்பெருக்கம் எனக் கண்ணால் கண்டதைக் கண்டபடி வரைந்தவர்கள். அந்த வரைவுகள் சென்னையிலே கல்லில் ஏற்றப்பட்டு அச்சாயின. மூலத் தாள்கள் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன. வைட் சென்ற பிறகும் கோவிந்து ஓயவில்லை. காட்டுத்துறைத் தலைவராயிருந்த பெடோம், தென்னிந்தியக் காட்டு மரங்களைப் பற்றி 1869 முதல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 330 படங்கள். அந்த மரங்களை வரைந்த கையும் கோவிந்துவின் கைதான். இருப்புப்பாதைக்கும் கப்பலுக்கும் எந்த மரம் உதவும் என்று அரசு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கணக்குக்காகக் கேட்டார்கள், அவர் கலையாகக் கொடுத்தார்.

வைட் நன்றியுள்ள மனிதர். புதிதென்று தாம் கருதிய ஓர் ஆர்க்கிட் இனத்துக்கு 1853இல் தம் ஓவியரின் பெயரையே சூட்டினார்: கோவிந்தூயியா. எத்தனை தாவரவியலார் அப்படிச் செய்தார்கள்? ஆனால் அந்தப் பெயரும் நிலைக்கவில்லை. அந்தச் செடி, 1833இலேயே டிராபிடியா என்று பெயரிடப்பட்ட இனத்தைச் சேர்ந்தது எனப் பின்வந்தவர்கள் கண்டார்கள். முந்திய பெயரே நிற்கும் என்பது அவர்களின் விதி. விதியில் தவறில்லை. எனினும், கொடுத்த ஒரே மாலையும் கழுத்தில் தங்கவில்லையே என்று என் நெஞ்சு கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

பார்த்து வரையும் கண் நம்மிடம் இருந்தது. பிறகு எங்கே தொலைத்தோம்? எனக்குத் தெரிந்த வரையில் பாதி விடை பள்ளியிலேயே இருக்கிறது. நான் பயின்றபோது படத்தைப் பார்த்துப் படம் வரைந்தேன். அரசு தொழில்நுட்பத் தேர்வின் கைவரைத் தாளுக்கும் அப்படியே பயிற்சி. இருபுறமும் ஒத்திருக்கும் குடமும் கொடியும் கோடு பிசகாமல் வந்தால் வெற்றி. ஆசிரியனானேன், என் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வரைந்தார்கள். நகலுக்கு நகல், அந்த நகலுக்கு மறுநகல். மறு பாதி விடை வீட்டுச் சுவரில் இருக்கிறது. 1894இல் ரவிவர்மாவின் அச்சகம் தொடங்கியது முதல் எத்தனை கடவுளர் வண்ண அச்சில் வந்து நம் கூடங்களை நிறைத்தார்கள்! வாசலில் நிற்கும் வேம்பு ஒரு சுவரிலாவது வந்து தொங்கியதுண்டா? கடவுளைக் கண்டவர் இல்லை; படம் இருக்கிறது. மரத்தைக் காணாதவர் இல்லை, படம் இல்லை!

மறுநாள் காலையில் அந்த மாணவனைத் தேடிப் போனேன். இனி ‘அவர்’ என்றே எழுதுகிறேன். ஐம்பதைத் தாண்டியவர், பேரப்பிள்ளை எடுத்தவர். மரவாடி ஒன்றில் மரம் அறுக்கும் வேலை. அவருடைய பெயரை இங்கே எழுத இசைவு கேட்டேன். ‘வேண்டாம் ஐயா’ என்று சிரித்தார். என்னைக் கண்டதும் தோளிலிருந்த துண்டை எடுக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். மரத்தூள் படிந்த பலகையைத் துடைத்துவிட்டு அச்சுப்படிகளை விரித்தேன்.

பால்மரின் ஓக்கை வெகுநேரம் பார்த்தார். “உள்ளே பொந்து இருக்கும் ஐயா, இந்த மரம். பலகைக்கு ஆகாது. ஆனால் வரைந்தவர் தொட்டுப் பார்த்திருக்கிறார்” என்றார். நான் படித்த எந்தக் கலை நூலிலும் இப்படி ஒரு விமர்சனம் இல்லை.

பிறகு லியரின் தாள். எழுத்துகளைக் கண்டார். ஆங்கிலம் அவருக்குப் படிக்க வராது. “இது என்ன ஐயா எழுதியிருக்கிறது?”

“நிறத்தின் பெயர்கள்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு தாளின்மேல் விழுந்திருந்த மரத்தூளை மெதுவாக ஊதினார்.

நான் சொல்லிவிட்டேன். எட்டாம் வகுப்பு, சிவப்பு மை, சுழியம், வகுப்பின் சிரிப்பு, எல்லாம். மன்னிப்பு என்ற சொல்லையும் சொன்னேன். அச்சொல் வாயில் கல்போல் கிடந்தது. அவர் சுழியத்தை மறந்துவிட்டாராம். அப்படித்தான் சொன்னார். மரத்தை மறக்கவில்லை.

“2005 வெள்ளத்தில் கரை அரித்து அது சாய்ந்ததே, தெரியுமா ஐயா? அறுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். வாளை வைக்கும் முன்னே பட்டையைத் தொட்டுப் பார்த்தேன். உரிந்த இடத்தில் அதே நிறம்.”

“இளஞ்சிவப்பா?”

“நீங்கள் பார்த்ததே இல்லையா ஐயா?”

குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. உண்மையாகவே வியந்து கேட்டார். முப்பத்திரண்டு ஆண்டு அந்தச் சன்னலருகே நின்றவன் அதைப் பார்த்திருக்க மாட்டான் என்று அவரால் நம்ப முடியவில்லை. அதைவிடக் கடுமையான தண்டனையை எந்த நீதிமன்றம் எனக்குத் தந்திருக்க முடியும்?

அன்று மாலை கரைக்குப் போனோம். பழைய மரத்தின் இடம் இப்போது வெறும் சரிவு. சற்று மேற்கே இளமருது ஒன்று நிற்கிறது, இரண்டாள் உயரத்துக்குமேல் கிளை பிரிந்து. வெயில் சாய்ந்திருந்தது. அடிமரத்தில் செதில் செதிலாகப் பட்டை உரிந்திருந்தது. பார்த்தேன். மேலே சாம்பல் கலந்த வெண்மை. உரிந்த இடத்தில், குழந்தையின் உள்ளங்கைபோல, இளஞ்சிவப்பு. எந்த மயக்கமும் இல்லை. ஐயத்துக்கு இடமே இல்லை. பத்தடித் தொலைவில் நிற்கும் எவருக்கும் தெரியும் நிறம் அது.

தாளை மடியில் வைத்துக்கொண்டு நான் கோடுகளை இழுத்தேன். அவர் அருகே குந்தியிருந்து நிறங்களைச் சொன்னார். “இங்கே சாம்பல். இல்லை ஐயா, அவ்வளவு கருப்பில்லை. இங்கே கொழுந்து, செம்பு போல. தண்ணீரில் விழும் நிழலுக்கு இப்போது பச்சை. கொஞ்சம் பொறுங்கள், மாறும்.” மாறியது. எழுதினேன். மாலை 5.40 என்றும் குறித்தேன். எழுத எழுதத் தாள் நிரம்பியது. படமா கடிதமா என்று எவரும் கேட்கவில்லை.

இருட்டும் நேரத்தில் பென்சிலை அவரிடம் நீட்டி, “மூலையில் பெயர் எழுதுங்கள்” என்றேன். வாங்கினார். விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டார். எழுத்துக் கூட்டி, அழகாக, அழுத்தமாக எழுதி என்னிடம் தந்தார். வாங்கிப் பார்த்தேன். என் பெயரை எழுதியிருந்தார்.

பையில் கையைவிட்டுத் துழாவினேன். அழிப்பான் கொண்டு வரவில்லை.